நசுங்காத எலுமிச்சம்பழம்

இந்த ஊரில் சைக்கிள் ஓட்டும்போது என் முதுகுக்குப் பின்னால் எதுவும் வருவதில்லை. எட்டு வருடமாகியும் இது எனக்குப் பழகவில்லை. புதுச்சேரியில் வளர்ந்தவர்களுக்கு முதுகிலும் ஒரு காது உண்டு. பின்னால் வருவது பைக்கா, ஷேர் ஆட்டோவா, தண்ணீர் லாரியா என்று திரும்பாமலே சொல்லிவிடுவோம். இங்கே, பிரான்சில், லியோன் நகருக்கு வடக்கே நாங்கள் குடியிருக்கும் பகுதியில், ரயில் நின்றுபோன பாதை ஒன்றில் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டுத் தார் போட்டு, சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் மட்டும் என்று விட்டிருக்கிறார்கள். 'வுவா வேர்த்', அதாவது பச்சை வழி என்று பெயர். திராட்சைக் குன்றுகளைச் சுற்றிக்கொண்டு, காட்டுக்குள் நுழைந்து, ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கிப் பல ஊர்களைத் தொட்டுப் போகிறது. காரும் கிடையாது, பைக்கும் கிடையாது. என் முதுகுக் காதுக்கு மட்டும் அங்கே வேலை இல்லாமல் போய்விடுகிறது. வேலையில்லாத காது சும்மா இருக்காது, இல்லாத சத்தத்தை எல்லாம் கேட்கத் தொடங்கும்.

என் மகள் இனியாவுக்கு ஒன்பது வயது. சென்ற வசந்தத்தில் அவள் வகுப்பு மொத்தமும் இந்தப் பச்சை வழியில் நான்கு நாள் சைக்கிள் பயணம் போவதாக முடிவாயிற்று. ஆசிரியையும் இன்னும் மூன்று பெரியவர்களும் கூட வருவார்கள், இரவில் விடுதியில் தங்கல். பெற்றோர் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். போடாதவர்களின் பிள்ளைகள் அந்த நான்கு நாளும் கீழ் வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டும். எல்லோரும் கொடுத்துவிட்டார்கள். எங்கள் தாள் மட்டும் இரண்டு வாரமாகக் குளிர்பெட்டிக் கதவில் காந்தத்துக்கு அடியில் தொங்கியது. பெற்றோரும் உடன் வரலாமா என்று ஆசிரியையைக் கேட்டேன். அவர் என் உடல்நலத்தை விசாரித்துவிட்டு, ஆர்வத்துக்கு நன்றி, ஆனால் வேண்டாம் என்றார். திங்கட்கிழமை கடைசி நாள். சனிக்கிழமை நானும் இனியாவும் அதே வழியில் ஒரு நாள் ஓட்டிப் பார்ப்பது, பிறகு முடிவு செய்வது என்று நானே ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். கணவருக்கு அன்று வேலை. அவர் 'சொல்தா' குடும்பம், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த தாத்தா காலத்திலிருந்தே பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்கள். இந்த நாட்டில் எதற்கும் அவர் என் அளவு பயப்படுவதில்லை.

எனக்குச் சைக்கிள் புதிதல்ல. கருவடிக்குப்பத்து வீட்டிலிருந்து முத்தியால்பேட்டையைத் தாண்டி டவுன் பள்ளிக்கு எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு முடியும் வரை சைக்கிளில்தான் போனேன். தனியாகப் போனதில்லை. அப்பா பின்னால் மொபெட்டில் வருவார். இருபதடி இடைவெளி விட்டு, சந்து திரும்பும் இடங்களில் இரண்டு முறை ஹாரன் அடிப்பார். நான் இருக்கிறேன் என்பதற்கு ஒன்று, பார்த்துப் போ என்பதற்கு ஒன்று என்று நானாக வைத்துக்கொண்டேன். தோழிகள் என்னைக் கிண்டல் செய்தார்கள். "மந்திரி போறாங்க, பின்னாடி போலீசு வருது பாருடி" என்பார்கள். எனக்குக் கூச்சமாக இருக்கும், உள்ளுக்குள் பெருமையாகவும் இருக்கும். பிள்ளை மேல் உயிரையே வைத்திருப்பவர்கள் இப்படித்தான் செய்வார்கள் என்று என் மனதில் பதிந்து போனது. அப்பா இப்போது இல்லை. இனியா நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து அந்த இருபதடி தூரத்தில் நான் வந்துகொண்டிருக்கிறேன்.

சனிக்கிழமை காலை, பச்சை வழி தொடங்கும் பழைய ரயில் நிலையத்தில் காரை நிறுத்தி இனியாவின் புதுச் சைக்கிளை இறக்கினேன். புது வண்டிக்கு எலுமிச்சம்பழம் வைக்காமல் நம் ஊரில் யாரும் தெரு முனையைக் கூடத் தாண்ட மாட்டோம். யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து முன் சக்கரத்துக்கு அடியில் ஒரு பழத்தை வைத்து ஏறி மிதிக்கச் சொன்னேன். இந்த ஊர் எலுமிச்சை சாத்துக்குடி அளவு இருக்கும், தோல் விரல் தடிமன். இனியாவோ பூப்போன்ற எடை. சக்கரம் பழத்தில் ஏறாமல் அதைத் தள்ளிவிட்டது. பழம் நசுங்காமல் உருண்டு, சரிவில் இறங்கிப் புல்லுக்குள் போய்விட்டது. வேறு பழம் கொண்டுவரவில்லை. இது என்ன சகுனம் என்று யோசித்துக்கொண்டே பின்தொடர்ந்தேன். திரும்பிப் போய்விடலாமா என்று முதல் ஐந்து கிலோமீட்டருக்குள் மூன்று முறை நினைத்தேன். அழகான வழி என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் கொடி கட்டிய திராட்சை வரிசைகள், அப்புறம் ஓக் மரக் காடு, நடுவே வெள்ளை மாடுகள் மேயும் புல்வெளி. குயில் ஒன்று கூவியது. நம் ஊர்க் குயில் போல ஏறிக்கொண்டே போகவில்லை, இரண்டே சுரம், அவ்வளவுதான்.

காட்டின் முடிவில் குன்று குறுக்கே நின்றது. ரயிலுக்காகக் குடைந்த சுரங்கம், ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம். உள்ளே மங்கலான விளக்குகள், வாசலிலேயே குளிர் காற்று. பள்ளிக் கூட்டம் இதற்குள்தான் போகப் போகிறது. நான் சைக்கிளிலிருந்து இறங்கி நின்றேன். இனியா "போலாம்மா, போலாம்மா" என்று நச்சரித்தாள். அப்போது பின்னாலிருந்து மணிச் சத்தம். சிவப்பு மழைச்சட்டை போட்ட எழுபது வயதுக்காரர் ஒருவர் மூச்சு வாங்க வந்து நின்றார். கையில் என் எலுமிச்சம்பழம்.

"மதாம், வோத்ர் சித்ரோன்!" என்று நீட்டினார். அம்மா, உங்கள் எலுமிச்சம்பழம்.

நாற்சந்தியில் கிடக்கும் எலுமிச்சம்பழத்தை நாம் தாண்டக்கூட மாட்டோம், சுற்றிக்கொண்டு போவோம். இந்த மனிதர் அதைப் பொறுக்கித் துடைத்து, பத்துக் கிலோமீட்டர் சுமந்துவந்து, என் கையில் திருப்பிக் கொடுக்கிறார். அது நழுவி ஓடியதை நிலையத்தில் காப்பி குடித்தபடி பார்த்திருக்கிறார், தொலைந்தது தெரியாமல் நாங்கள் போய்விட்டோம் என்று எண்ணியிருக்கிறார். மீனுக்கா, க்ரேப் என்கிற இந்த ஊர் இனிப்புத் தோசைக்கா என்று விசாரித்தார். விளக்க எனக்கு பிரெஞ்சு போதவில்லை. போதுமாயிருந்தாலும் எங்கே தொடங்குவது? "பூர் லா ரூத்" என்றேன். பயணத்துக்காக. அவர் மகிழ்ச்சியாகத் தலையாட்டி, ஆமாம், நல்ல யோசனை, வைட்டமின் என்றார். என்றவர் சட்டைப் பையிலிருந்து மடக்குக் கத்தியை எடுத்துப் பழத்தை இரண்டாக வெட்டி, இனியா நீட்டிய தண்ணீர் பாட்டிலில் பிழிந்தும் விட்டார். நான் வேண்டாம் என்று சொல்லச் சரியான சொல்லைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அவள் மடக்மடக்கென்று குடித்து, முகத்தைச் சுளித்து, சிரித்து, சைக்கிளில் ஏறிச் சுரங்கத்துக்குள் போய்விட்டாள்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். என் குரலே திரும்பி வந்தது. ஏறி மிதித்தேன். உள்ளே ஈரச் சுவரும் என் சங்கிலியின் சத்தமும்தான். நான் விடாமல் மணியை அடித்தேன். எதிரே வந்த இருவர் எதற்கோ பயந்து சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள். மறுபக்க வெளிச்சம் நகம் அளவாகி, தட்டு அளவாகி, வெளியே வந்தேன். கீழே பள்ளத்தாக்கும் ஆறும் தெரிந்தன. இனியா கைப்பிடிச் சுவரில் கால் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எத்தினி மாடு இருக்குன்னு எண்ணிட்டேன்மா. நீ ஏன் அழுவுற?"

ஆற்றங்கரைப் பெஞ்சில் சாப்பாட்டைப் பிரித்துவைத்துவிட்டு என் தங்கை செல்விக்குப் போன் செய்தேன். முத்தியால்பேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். ஊரின் எல்லா விண்ணப்பமும் அவள் கை வழியாகப் போவதால் எதிலும் ஒரு தீர்ப்பு வைத்திருப்பாள். பழம் உருண்டதிலிருந்து இனியா குடித்தது வரை ஒன்று விடாமல் சொன்னேன். பின்னால் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"நசுங்கவே இல்லன்னா அது திருஷ்டிப் பழம் இல்லக்கா. வெறும் பழம். உப்பு போட்டிங்களா?" என்றாள்.

இல்லை என்றேன். அதுதான் தப்பு என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா எனக்காக எப்படி வந்தார், நான் இவளை முன்பின் தெரியாத மலைக்கு எப்படித் தனியாக அனுப்புவது என்று கேட்டேன். மெஷின் நின்றது.

"யக்கா, தப்பா எடுத்துக்காத. அப்பா பயந்துகினு ஒம் பின்னாடி வரல. அவரு வேலை பாத்த மில்லு மூடிட்டாங்க இல்ல? எட்டு மணிக்கு சட்டை போட்டுகினு தெருவுல நாலு பேரு பாக்க வெளிய போவணும் அவருக்கு. எங்க போவாரு? ஒன்னோட ஸ்கூலு இருந்துது, வந்தாரு. எனக்கு பின்னாடி யாரு வந்தாங்க? நான் டவுன் ஸ்கூலு போற வயசுக்கு அவருக்கு கடையில வேலை கெடச்சிடுச்சி. நான் பஸ்ல தான் போனேன். நல்லாதான இருக்கேன்?"

மில் மூடியது எனக்குத் தெரியும். அப்பா பின்னால் வந்ததும் தெரியும். இருபது வருடத்தில் ஒரு முறைகூட அந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. பள்ளி வாசலில் நான் உள்ளே போன பிறகு அவர் மொபெட்டை எந்தப் பக்கம் திருப்பினார் என்பதும் எனக்குத் தெரியாது. அவர் என் மேல் வைத்திருந்த பாசத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த ஐந்து வருடமும் யார் யாருக்குத் துணை போனோம் என்பதைத் திருப்பி எழுத வேண்டியிருக்கிறது. எழுதும்போது இன்னொன்றும் கூடவே வந்து நிற்கிறது. இந்த ஊரில் காலை எட்டரைக்கு இனியாவைப் பள்ளிக்கு அழைத்துப் போவதைத் தவிர, வெளியே போக எனக்கும் வேறு இடம் இல்லை. எம்.காம். படித்திருக்கிறேன். எட்டு வருடமாக என் ஒரே வழித்தடம் அவள்.

செல்வியிடம் அதையெல்லாம் சொல்லவில்லை. திங்கட்கிழமைதான் கடைசி நாள் என்று மட்டும் சொன்னேன். "போட்டுக் குடுத்துட்டு வேற வேலையப் பாரு" என்று வைத்துவிட்டாள். ஞாயிறு இரவே கையெழுத்துப் போட்டேன். நகராட்சி நடத்தும் கணக்கர் வகுப்புக்கான விண்ணப்பம் ஒன்று ஒரு வருடமாக அலமாரியில் கிடந்தது. அதையும் எடுத்து நிரப்பினேன். இரண்டிலும் பெயரை ஒரே பேனாவால் எழுதினேன்.

பயணம் கிளம்பிய காலையில் அதே ரயில் நிலையத்தில் இருபத்து நான்கு பிள்ளைகள் மஞ்சள் சட்டையில் வரிசையாக நின்றார்கள். இனியா என்னைப் பார்த்து, சக்கரத்துக்கு அடியில் பழம் வைக்கவில்லையா என்று கேட்டாள். பாட்டிலில் இருக்கிறது, உப்பு போட்டிருக்கிறேன் என்றேன். நானும் என் சைக்கிளில் முதல் வளைவு வரை பின்னால் போனேன், இருபதடி விட்டு. அங்கே காலை ஊன்றி நின்றுவிட்டேன். மஞ்சள் வரிசை திராட்சைக் குன்றைச் சுற்றி மறைந்தது. மறைந்த பிறகு இரண்டு மணிச் சத்தம் கேட்டது, நிச்சயம் அவள்தான். பதிலுக்கு என் மணியில் கை வைத்தேன், அடிக்கவில்லை. முன்னால் அந்தச் சத்தம் தேய்ந்துகொண்டே போனது. காரும் பைக்கும் வரவே முடியாத அந்த வழியில், என் முதுகுக் காது மட்டும் பின்னால் ஒரு மொபெட் மெல்ல நிற்பதைக் கேட்டுக்கொண்டிருந்தது.