திரிபோ செய்த கனமான பக்கம்

திரிபோவுக்குத் தலைக்கனம் கொஞ்சம் உண்டு. இருக்காதா பின்னே? பெராஸ்ட் என்ற வளைகுடா ஊரில் ஆண்பிள்ளைகள் எல்லாம் கப்பலேறிப் போய்விட, கரையில் உட்கார்ந்தபடியே கம்ப்யூட்டர் நிரல் எழுதிச் சம்பாதிப்பவன் அவன் ஒருவன்தான். கடலில் இருப்பவர்கள் வீட்டுச் செய்தியும் படமும் பார்க்க ஓர் இணையப் பக்கம் செய்துகொடுத்ததும் அவன்தான், காசு வாங்காமல்.

சும்மா செய்தானா? திறந்ததும் வளைகுடா முழுவதையும் மேலிருந்து காட்டும் வீடியோ ஓடும். கீழே அவன் பெயர் மின்னும். தேதியைக் காட்டக்கூட எவனோ எழுதிய பெரிய நிரல் மூட்டையை இறக்கிச் சேர்த்திருந்தான். "கையால எழுதறதெல்லாம் அந்தக் காலம். இப்ப எல்லாம் ரெடியா கிடைக்குது, எடுத்து மாட்ட வேண்டியதுதான்" என்பான். அவன் வீட்டு இணையத்துக்கு மாதம் ஒரு தொகை கட்டினால் போதும். எவ்வளவு டேட்டா இழுத்தாலும் கேள்வி கிடையாது. அங்கே பக்கம் நொடியில் திறந்தது.

அவனுடைய சிறுவயதுத் தோழன் நிக்ஷா சரக்குக் கப்பலில் இன்ஜினியர். அவன் நடுக்கடலில் இருக்கும்போது இங்கே பெண் குழந்தை பிறந்தது. மனைவி மாரே குழந்தையின் படத்தைப் பக்கத்தில் போட்டு, கம்பெனி மூலம் கப்பலுக்கும் தகவல் சொன்னாள். பதிலுக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

நிக்ஷாவின் அம்மா லூத்சே பொறுத்துப் பார்த்துவிட்டுக் காப்பிக் கடையிலேயே கேட்டுவிட்டாள். "டேய் திரிபோ, என் மகன் படத்தைப் பாத்தானா இல்லையா? உன் கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லு."

பக்கத்துக்கு யார் வந்து எதைத் திறந்தார்கள் என்பது அவனுக்குத் தெரியும். "வந்திருக்கான் அத்தை. மூணு தடவை. ஆனா வாசலோட திரும்பிட்டான். படத்தைத் திறக்கவே இல்ல."

"திறக்கவே இல்லையா?" குழந்தையோடு நின்றிருந்த மாரேயின் முகம் செத்துப்போயிற்று.

"மெஷின் பொய் சொல்லாது மாரே."

"பொண்ணு பொறந்துடுச்சேன்னு கடுப்பா இருக்கும்" என்றான் பக்கத்து மேசைக்காரன். யாரும் மறுக்கவில்லை. மாரே அன்றே படத்தைப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டாள்.

கப்பல் துறைமுகம் சேர்ந்ததும் திரிபோவுக்குப் போன் வந்தது.

"டேய், மாரே போனை எடுக்க மாட்டேங்கறா. குழந்தை நல்லா இருக்குல்ல?"

"நல்லா இருக்கு. நீதான் படத்தைக்கூடப் பாக்கலையே."

"எங்கடா பாக்க விட்ட? இங்க கேப்டன்கிட்ட இருபது டாலர் குடுத்து இன்டர்நெட் அட்டை வாங்கணும், சொட்டுச் சொட்டா கணக்கு. திறந்தா உன் வீடியோ வருது, உன் பேரு வருது, அட்டை காலி. மறுபடி ரெண்டு தடவை வாங்கினேன், அதே கதை. அப்புறம் அவர்கிட்டயே அட்டை இல்ல, பதில் அனுப்பவும் வழியில்ல. விடு, நம்ம ஊரு அழகா இருந்துச்சுடா."

நிக்ஷா கேலி செய்யவில்லை. அதைத்தான் திரிபோவால் தாங்க முடியவில்லை. காது மடல் எரிந்தது. பத்து வரி கையால் எழுதியிருந்தால் தகப்பன் பிள்ளை முகத்தைப் பார்த்திருப்பான். அடச்சே! தன் வீட்டில் ஓடினால் கடலிலும் ஓடும் என்று நினைத்தானே, அது மடத்தனம். மூன்று தடவை ஒருவன் ஏன் திரும்பத் திரும்ப வருவான் என்று யோசிக்காமல் வாயைத் திறந்தானே, அது பாவம்.

மாரே வீட்டுக்கு ஓடி எல்லாவற்றையும் கொட்டினான். அவள் கதவைச் சாத்திக்கொண்டு கணவனிடம் போனில் பேசினாள். அழுகைச் சத்தம் வெளியே கேட்டது. திரும்பி வந்தவளிடம், "இன்னிக்கே அந்த வீடியோவைத் தூக்கிடறேன் மாரே" என்றான்.

"தூக்குங்க. ஆனா அவர் திரும்பிப் போயிட்டார்னு எங்க வச்சு சொன்னீங்களோ, இதையும் அங்கயே வந்து சொல்லுங்க." குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி நடந்தாள்.

காப்பிக் கடையில் அதே ஆட்கள். திரிபோ நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நிக்ஷா வந்தது குழந்தையைப் பாக்கத்தான்" என்றான். "நான்தான் குழந்தைக்குப் பதிலா என்னைக் காட்டித் திருப்பி அனுப்பிட்டேன்."