அறுபத்துநான்கு ரிவெட்டும் ஒரு கோட்டு ஊசியும்

முதல் நாள் பார்த்த படம்

வேலையில் சேர்ந்த அன்று எங்களுக்கு இயந்திரங்களைக் காட்டவில்லை. முதலாளியின் வாழ்க்கையைக் காட்டினார்கள். இருபத்திரண்டு நிமிடப் படம். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்து வைத்திருக்கிறேன்.

முதலாளி பிரெஞ்சுக்காரர். பெயர் பெல்மார். விமான பாகங்கள் செய்யும் தொழிற்சாலைகள் அவருக்கு நான்கு நாடுகளில் உண்டு. அதில் ஒன்று செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் சாலையில் இருக்கும் எங்களுடையது. சின்ன வயதில் அவர் விமானக் கொட்டகையைத் துடைப்பத்தால் பெருக்கினார் என்று படம் சொன்னது. அந்தக் கொட்டகை அவருடைய அப்பாவுடையது என்பதை அடுத்த காட்சியில் விரைவாகச் சொல்லி முடித்தார்கள். பிறகு விமானம் ஓட்டினார், கம்பெனியைப் பெருக்கினார், ஒரு பத்திரிகையை வாங்கினார், தன் ஊருக்கு மேயரானார், நாடாளுமன்றத்துக்கும் போனார். அவருடைய கட்சி பழமையைக் காக்கும் கட்சி. குடும்பம், உழைப்பு, ஒழுங்கு என்ற மூன்று சொற்களைப் படத்தில் பதினொரு முறை சொன்னார்.

நான் தர ஆய்வாளர். என் ஸ்டாம்ப் எண் பதினேழு. எங்கள் வேலையில் ஸ்டாம்ப் என்பது ஆளுக்கு ஒன்று. நான் பார்த்தேன், சரியாக இருக்கிறது என்று அந்த எண் சொல்கிறது. இறக்கை வானத்தில் இருக்கும்போது ஏதாவது ஆனால் முதலில் தேடுவதும் அந்த எண்ணைத்தான். அதனால் அதைக் கழுத்தில் மாட்டியிருப்பேன். எனக்குப் பின்னால் ‘பதினேழு வருது’ என்று பேசிக்கொள்வார்கள். கோபப்பட்டதில்லை.

கழற்ற மறுத்தார்

பாகங்களைச் சேர்த்துப் பூட்டும் அசெம்பிளி ஹாலுக்குள் போகிறவர் மோதிரம், வளையல், பேனா, சில்லறை எல்லாவற்றையும் வாசலில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். கழற்ற முடியாததைப் பதிவேட்டில் எழுதுவோம். வெளியே வரும்போது அதை ஒவ்வொன்றாகச் சரிபார்ப்போம். ஒரு திருகாணி விமான இறக்கைக்குள் விழுந்து உருண்டால் என்ன ஆகும் என்று யோசித்தால் இந்த விதி புரியும். தாலியை டேப் போட்டு ஒட்டிக்கொண்டு உள்ளே போகிற பெண்கள் எங்கள் ஹாலில் முப்பது பேர்.

தேர்தல் வருகிறது என்று முதலாளி ஒரு செவ்வாய்க்கிழமை எங்கள் தொழிற்சாலைக்கு வந்தார். ஓட்டு போடுகிறவர்கள் அவர் நாட்டில் இருக்க, படம் எடுக்க எங்கள் ஹாலுக்கு வந்தார். தங்கியது திருவிடந்தைப் பக்கம் ஒரு ரிசார்ட்டில். கூடவே ஒரு போட்டோகிராபர், மொழிபெயர்க்கப் புதுச்சேரியிலிருந்து சேவியர் என்பவர், முன்னால் ஓடிக்கொண்டே எங்கள் பிளான்ட் ஹெட் ராகவன்.

கோட்டில் ஒரு ஊசி குத்தியிருந்தார். சின்ன விமானம், மூன்று வண்ணக் கொடி. கட்சிக்காரர்கள் அணிவதாம்.

“அதக் கழட்டணும் சார்” என்றேன்.

சேவியர் சொன்னார். முதலாளி சிரித்து ஏதோ பதில் சொன்னார்.

“இந்த விதிய எழுதுனதே அவர்தானாம் மேடம். அதனால அவருக்கு இது வேணாமாம்.”

ராகவன் என் காதருகே வந்தார். “மேடம், ப்ளீஸ். ஃபோட்டோவே அந்த ஊசிக்குத்தான்.”

நான் பதிவேட்டில் எழுதினேன்: கோட்டு ஊசி, ஒன்று, விமான வடிவம், கழற்ற மறுத்தார். நேரம் 10.42.

இரண்டடி

ஹாலின் ஆறாம் ஸ்டேஷனில் வேலை செய்தவள் வேளாங்கண்ணி. இந்தப் பக்கத்துப் பெண். அவள் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அவள் விமான இறக்கையில் தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் ரிவெட் ஆணிகளை அடிக்கிறாள். நான்கு வருடமாக கான்ட்ராக்ட். அந்த மாதம் நிரந்தர ஆர்டர் வர வேண்டியிருந்தது. அவள் ஸ்டேஷனில் ஒரு ஃபிளாப், அதாவது இறக்கையின் பின்பக்கம் மடங்கும் பாகம், மூடத் தயாராக இருந்தது. மூடுவதற்கு முன் ஆய்வாளர் விளக்கடித்து உள்ளே முழுக்கப் பார்க்க வேண்டும். அது என் வேலை.

விளக்கோடு நான் குனிந்தபோது போட்டோகிராபர் கையை ஆட்டினார். என் நீலக் கோட்டு ஃபிரேமில் விழுகிறதாம்.

“மேடம், ரெண்டடி தள்ளிக்கோங்க” என்றார் ராகவன்.

தள்ளி நின்றேன். எனக்கு வருத்தம் இருப்பது இந்த இடத்தில்தான், அதனால் மறைக்காமல் எழுதுகிறேன். முதலாளி என் விளக்கை வாங்கிக்கொண்டு, ஃபிளாப்புக்குள் தோள் வரை நுழைந்து, ஆய்வு செய்வதுபோல் புருவத்தைச் சுருக்கினார். பார்வை கேமராவின் பக்கம் இருந்தது. அடுத்த படத்துக்கு, அதை மூடும் தகடான பேனலை வைத்து முதல் ரிவெட்டைத் தானே அடித்தார். கோணலாக. கைதட்டினார்கள். நான் வாசலுக்குத் திரும்பிப் பதிவேட்டோடு காத்திருக்க, அவர்கள் ராகவனின் அறை வழியாகப் போய்க் காரில் ஏறிவிட்டார்கள். அடுத்த படம் மாமல்லபுரம் கடற்கரையில், மீனவர்களோடு படகு தள்ளுவது.

அவர் வாசல் வழியாக வெளியே வரவில்லை என்பதைப் பதிவேட்டில் அவர் வரி திறந்தே கிடந்தபோதுதான் கவனித்தேன். ஸ்டேஷனுக்கு ஓடினேன். வேளாங்கண்ணி மீதி ரிவெட்டுகளை அடித்து முடித்திருந்தாள். மொத்தம் அறுபத்துநான்கு.

“யாரு மூடச் சொன்னது?”

“இன்னாக்கா, மொதலாளியே உள்ள பூந்து பாத்தாரே. பார்ட்டு நாலு மணிக்கு லாரி ஏறணும்னு ராகவன் சாரு வேற நின்னுகினு இருந்தாரு.”

சேவியருக்கு போன் செய்தேன். பின்னால் அலைச் சத்தம் கேட்டது.

“கோட்டுல ஊசி இருக்கா பாருங்க.”

அவரிடம் கேட்டுவிட்டு வந்து, “இல்ல மேடம். இன்னைக்குப் போடவே இல்லன்னு சொல்றாரு” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “காலைல நாஸ்தா சாப்பிடறப்ப நான்தான் மேடம் குத்திவிட்டேன்” என்றார்.

திறங்க

ராகவன் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“இந்த வரிய அடிச்சிடுங்க மேடம்.”

“ஒரு கோடு போட்டு, கையெழுத்து வச்சு, காரணம் எழுதிட்டு அடிக்கலாம் சார். அதான் விதி. காரணம் என்னன்னு எழுதட்டும்?”

ராகவன் வேறு வழி கண்டுபிடித்தார். “ஆறாம் ஸ்டேஷன் மேல ஒரு ரிப்போர்ட் எழுதுங்க. ஆய்வு ஸ்டாம்ப் இல்லாம மூடினது அந்தப் பொண்ணுதானே?”

“ஆய்வு நடக்கலன்னா அது என் தப்பு. எழுதறேன். அவளுக்கு முன்னாடி என் பேரு வரும், எனக்கு முன்னாடி முதலாளி பேரு வரும்.”

“உங்க ஸ்டாம்ப் இல்லாமயும் அனுப்ப முடியும், தெரியுமில்ல?”

“அனுப்புங்க. நுழைவுப் பதிவேட்டோட காப்பியும் பெட்டிக்குள்ள போகும். விமானம் கட்டறவங்க அதப் படிப்பாங்க.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். உச்சி மின்விசிறியை ஒருமுறை பார்த்தார். “திறங்க” என்றார்.

வளையும் குழாயின் முனையில் கேமரா வைத்த போரஸ்கோப்பை முதலில் விட்டுப் பார்த்தோம். ஒன்றும் தெரியவில்லை. ஆகவே துளைத்துத்தான் எடுக்க வேண்டும். அடித்த கையாலேயே வேளாங்கண்ணி ஒவ்வொரு ரிவெட்டாக எடுத்தாள். ஓட்டை பெரிதானால் பேனலே வீண். ரிவெட் ஒன்றுக்கு மூன்று நிமிடம். அவளோ வாயை மூடவில்லை.

“பத்து வாட்டி மூக்குத்தியக் கழட்டச் சொல்றாங்க. தொரைக்கு ஒரு ஊசியக் கழட்ட முடியல. இதுல ஒழுங்காம், ஒழுங்கு.”

“கைய கவனிச்சு வேல செய்.”

“கை அது பாட்டுக்குச் செய்யுதுக்கா. வாய் தானே சும்மா கீது.”

ஐம்பத்தெட்டாவது ரிவெட்டில் பேனலைத் தூக்கிப் பார்க்க முடிந்தது. அவள் கன்னத்தைத் தகட்டில் ஒட்டிவைத்துப் பார்த்தாள்.

“அக்கா, கீது! மூலையில கீது!”

கீல் அசையும் இடத்துக்கு ஒரு விரல் தள்ளி, பசையில் ஒட்டிக் கிடந்தது குட்டி விமானம்.

லாரி மறுநாள் போனது. ஊசியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சிவப்பு அட்டை கட்டி, உரியவர் பெயர் எழுதி, ரிசார்ட்டுக்கு அனுப்பினேன். நன்றி வரவில்லை. ஒரு நாள் தாமதத்துக்கு விளக்கம் கேட்டு வேளாங்கண்ணிக்கும் எனக்கும் மெமோ வந்தது. அவள் ஆர்டர் நின்றது.

“போவட்டும்கா” என்றாள். போகட்டும் என்கிற முகமாக அது இல்லை.

கேன்டீன் டிவியில்

சில மாதம் கழித்து முதலாளியின் பிரச்சாரப் பேச்சைக் கேன்டீனில் போட்டார்கள். கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடியது. நான் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எழுதிக்கொண்டேன். உலகத்தின் மறுகோடியில் தனக்கு ஒரு தொழிற்சாலை இருக்கிறதாம். தொழிலாளர்களைச் சோதிக்க, வேண்டுமென்றே தன் ஊசியை ஒரு இறக்கைக்குள் போட்டாராம். அவர்கள் எல்லாவற்றையும் நிறுத்தித் தேடி எடுத்தார்களாம். ஒழுங்கு என்றால் அதுவாம். அதை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது அவராம். அதே மூச்சில், அப்படிப்பட்ட வேலைகளையெல்லாம் தாய்நாட்டுக்கே திரும்பக் கொண்டுவருவேன் என்றார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. திரையில் அவர் விளக்கோடு எட்டிப் பார்க்கும் படம். ஓரத்தில் வேளாங்கண்ணியின் முழங்கை மட்டும் இருந்தது.

“நம்மளத்தான் சோதிச்சாராம்பா!” என்று ஒருவன் கத்தினான். கேன்டீனே சிரித்தது. வேளாங்கண்ணி சிரிக்கவில்லை.

எனக்கு எரிந்தது. ஆனால் பழக்கதோஷத்தால் ஒன்று கவனித்தேன். முதலாளியே தன் வாயால் சொன்ன பிறகு, அந்தத் தாமதம் தாமதமல்ல. சோதனை. அதில் வேளாங்கண்ணி தேறியிருக்கிறாள். பேச்சை அச்செடுத்து, இரண்டு மெமோக்களோடும் சேர்த்துப் பின் அடித்து, ராகவன் மேசையில் வைத்தேன்.

“முதலாளி வச்ச சோதனைல பாஸ் பண்ணவளுக்கு எதுக்கு சார் மெமோ?”

அவர் மூன்று முறை படித்தார். முதலாளி பொய் சொன்னார் என்று எழுத அவரால் முடியாது. உண்மை என்றால் மெமோ நிற்காது.

“பதிவேட்டுல ‘கழற்ற மறுத்தார்’னு இருக்கே. அத ‘சோதனைக்காக’ன்னு மாத்திடுவீங்களா?”

“மாட்டேன் சார். பேச்சோட காப்பிய அதுக்குக் கீழ ஒட்டறேன். படிக்கிறவங்க படிச்சுக்கட்டும்.”

வெள்ளிக்கிழமை ஆர்டர் வந்தது. வேளாங்கண்ணி அதை மடிக்காமல் கொண்டுவந்து என்னிடம் காட்டினாள். “பொய்யில வந்த ஆர்டரு அக்கா இது” என்றாள். “இல்ல. ஐம்பத்தெட்டு ரிவெட்டுல வந்தது” என்றேன். முதலாளி தேர்தலில் ஜெயித்துவிட்டதாகச் சேவியர் பிறகு சொன்னார்.

புதிதாக வரும் ஆய்வாளர்கள் என்னிடம் தொழிலைப் பற்றி ஏதாவது சொல்லச் சொல்கிறார்கள். முதலாளிகளைப் பற்றிச் சொல்ல என்னிடம் புதிதாக ஒன்றும் இல்லை. என்னைப் பற்றி ஒன்று உண்டு. அன்றைக்கு நான் நகர்ந்தது இரண்டடி. அந்த ஊசி உள்ளே போக அவ்வளவு இடம் போதுமாயிருந்தது. இப்போது யார் கேமரா தூக்கி வந்தாலும் நான் நின்ற இடத்தில் நிற்கிறேன். படத்தில் நீலக் கோட்டு விழுந்தால் விழட்டும்.