பருப்புக்கும் பீருக்கும் ஒரே குக்கர்

எங்கள் வீட்டில் ஒரே ஒரு குக்கர்தான். ஐந்து லிட்டர். கோயம்புத்தூரிலிருந்து இந்த நாட்டுக்குக் கிளம்பும்போது பெட்டியில் பாதி இடத்தை அதற்கே கொடுத்தேன். வார நாட்களில் அதில் சாதமும் பருப்பும் வேகும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைத் தேய்த்துக் கழுவி, முளைகட்டிய பார்லியின் மால்ட் கரைத்த தண்ணீரைச் சின்னக் கண்ணாடி ஜாடிகளில் ஊற்றி உள்ளே அடுக்கி, கிருமி சாக ஆவியில் வைப்பேன். நான் வீட்டிலேயே செய்யும் பீருக்கான ஈஸ்ட்டை முதலில் அந்தத் தண்ணீரில்தான் வளர்க்க வேண்டும். அதில் வேறு கிருமி புகுந்தால் போச்சு, மொத்தப் பீரும் புளித்துவிடும்.

நான் மைக்ரோபயாலஜி முதுகலை படித்தவள். இங்கே எந்த லேபும் என்னைக் கூப்பிடவில்லை. உள்ளூர் அனுபவம் வேண்டுமாம். த்ரீ கிங்ஸ் என்ற பகுதியில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் தயிர் டப்பாக்களைத் தேதி பார்த்து அடுக்குகிறேன். அதற்குள் இருப்பதும் நுண்ணுயிர்தானே என்று வேண்டுமானால் மனதைத் தேற்றிக்கொள்ளலாம். கணவர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார். காதில் ஹெட்போன் மாட்டிவிட்டால் நான் வழுக்கி விழுந்தால்கூடத் தெரியாது. பேச ஆளில்லாத வீட்டில், ஜாடிக்குள் ஈஸ்ட் நுரைத்து எழுவதைப் பார்ப்பது எனக்குப் பெரிய துணை. சிரிக்காதீர்கள். அந்த வீட்டில் என் சொல் கேட்பது அது ஒன்றுதான்.

போன மாதம், மாஸி என்ற புறநகரில் ஒரு வீட்டில் மதியச் சாப்பாடு. கணவரோடு வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் புது வீடு வாங்கியிருந்தார். நம் பீரில் ஒரு பெட்டி கொண்டுபோகலாம் என்று நான்தான் சொன்னேன். நாலு பேர் குடித்துவிட்டு யார் செய்தது என்று கேட்பார்கள். கணவர் என்னைக் காட்டுவார். காரில் போகும்போதே அதை இரண்டு மூன்று முறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அவ்வளவு ஆசை.

ஆண்கள் வழக்கம்போல் கராஜுக்குப் போய்விட்டார்கள். பெட்டியும் அவர்களோடு போனது. பெண்கள் ஹாலில் உட்கார்ந்து மார்ட்கேஜ் வட்டியையும் பிள்ளைகளின் நீச்சல் வகுப்பையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் அண்ணனின் மனைவி, "இந்த ரோல்ஸை ஒருக்கா அவையளுக்குக் குடுத்திட்டு வாறீங்களோ?" என்று, பொரித்த ரோல்ஸ் அடுக்கிய ஒரு தட்டை நீட்டினார். எனக்கும் அங்கே போக ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

கராஜ் வாசலிலேயே அண்ணனின் குரல் கேட்டது. "திறமான பியர், தம்பி. இதை வீட்டில நீங்களோ செய்தனீங்கள்?"

"ஆமாண்ணே. சும்மா ஒரு ஹாபி," என்றார் என் கணவர்.

தட்டோடு அப்படியே நின்றுவிட்டேன். எப்படிச் செய்வது என்று இன்னொருவர் கேட்டார். இவரும் சளைக்கவில்லை. "ஈஸ்ட்தான் முக்கியம். மால்ட் தண்ணிய குக்கர்ல வச்சு மூணு விசில் விடுவேன். அவ்ளோதான்."

மூன்று விசில் துவரம்பருப்புக்கு. பொய்யைக்கூட மன்னித்திருப்பேன், அந்த மூன்று விசிலைத்தான் பொறுக்க முடியவில்லை.

உள்ளே போனேன். "விசில் கணக்கெல்லாம் கிடையாது. பிரஷர் வந்தப்புறம் சிம்ல பதினஞ்சு நிமிஷம் வைக்கணும். அப்புறம் தானா ஆறணும்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் அன்பாகச் சிரித்தார்.

"ஓம் தங்கச்சி, குக்கர் எண்டால் உங்களுக்குத்தானே தெரியும்."

மற்றவர்களும் சிரித்தார்கள். இப்போதாவது சொல்வார் என்று கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவரும் சிரித்தபடி என் தட்டிலிருந்து ஒரு ரோல்ஸ் எடுத்துக்கொண்டார்.