ஆயத்தம் தேவையில்லாத ஆங்கிலம்

ஜென்சி அக்காவின் முதல் வகுப்பு காலை ஆறரைக்கு. பிரான்ஸில் அப்போது மதியம் பன்னிரண்டரை. அங்குள்ள அலுவலகக்காரர்கள் சாப்பாட்டு நேரம் தொடங்கி மாலைவரை தொலைபேசியில் ஆங்கிலம் படிப்பார்கள். கனடாவில், மொன்றியல் நகர நடுவில் நாங்கள் இருவரும் வேலைசெய்த நிறுவனம் அவர்களுக்கு "நேட்டிவ்" ஆசிரியர்களை, அதாவது பிறந்ததிலிருந்தே ஆங்கிலம் பேசுகிறவர்களைத் தருவதாக விளம்பரம் செய்தது. அந்த நேரத்தில் அக்காவின் வீடு இருந்த இல்-பிசார் தீவில் பஸ் இல்லை. கணவர் அருமைராசா காரில் கொண்டுவந்து மெட்ரோவில் விடுவார்.

அக்கா மன்னாரிலிருந்து ஐந்து வயதில் வந்தவர். இந்த மாகாணச் சட்டப்படி, குடியேறிய பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் முழுவதும் பிரெஞ்சில். ஆங்கிலம் அவருக்கு மூன்றாவது மொழி. சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ ஆங்கிலக் கல்லூரியில் இலக்கணப் புத்தகத்தோடு மல்லுக்கட்டிப் படித்தது. அதனால்தான் மாணவர் எந்த இடத்தில் தடுமாறுவார் என்று அவருக்கு முதலே தெரியும். தொலைபேசியில் அந்தக் குரலை யாரும் சந்தேகித்ததில்லை.

நாளுக்குப் பன்னிரண்டு வகுப்புகள், ஒவ்வொன்றும் அரை மணி. பேசும் நேரத்துக்கு மட்டுமே சம்பளம், மணிக்குப் பதினாறு டொலர். பாடம் ஆயத்தப்படுத்துவதும் அறிக்கை எழுதுவதும் வீட்டில், சும்மா. அதற்கும் சம்பளம் தரச்சொல்லி அக்கா இரண்டு வருடமாகக் கேட்டார். மேலாளர் மிஷேலின் பதில் மாறவில்லை. "நீங்கள் நேட்டிவ். உங்களுக்கு என்ன ஆயத்தம்?"

2008 இலையுதிர்காலத்தில் வகுப்புகளைத் தொலைபேசியிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கமரா பூட்டினார்கள். இரண்டாம் கிழமை பிரான்ஸின் லியோன் நகர மாணவர் ஒருவர் முறையிட்டார்: கனடாக்காரி என்றார்கள், திரையில் ஓர் இந்தியப் பெண் இருக்கிறாள். மிஷேல் அக்காவைக் கூப்பிட்டு, இனி அவர் நேட்டிவ் அல்லாதோர் பட்டியலில், மணிக்குப் பதின்மூன்று டொலர் என்றார். வெள்ளிக்கிழமைக்குள் புதிய சம்பளப் படிவத்தில் கையெழுத்து வேண்டும்.

"விட்டிட்டுப் போங்கோவன், அக்கா," என்றேன் சாப்பாட்டு அறையில்.

"போய்? வீட்டுக் கடனை உம்மட அப்பாவே கட்டுவார்?"

"அவர் தன்ர கடனையே கட்டேல்லை."

அக்கா கொஞ்சம் சிரித்தார். பிறகு கரண்டியைக் கீழே வைத்தார். "நேட்டிவ் எண்டா ஆயத்தம் தேவையில்லையாம். இப்ப நான் நேட்டிவ் இல்லை. அப்ப தேவைதானே?"

வெள்ளிக்கிழமை படிவத்தில் பதின்மூன்று டொலர் என்ற வரிக்குக் கீழே, நாளுக்கு இரண்டு மணி ஆயத்தம், அதற்கும் மணிக்கு அதே பதின்மூன்று என்று எழுதிக் கையெழுத்திட்டார். பழையதைவிட நாளுக்கு எட்டு டொலர் கூட வரும். மிஷேல் அதை இரண்டு தரம் வாசித்தார்.

"இது பகிடியா?"

"நீங்கள் சொன்னதுதான்," என்றார் அக்கா.

பாரிஸ் தலைமை அலுவலகத்தைக் கேட்கவேண்டும், அதுவரை பழைய சம்பளமே என்றார் மிஷேல்.

பதில் வரும்வரை ஒன்றும் ஆயத்தப்படுத்துவதில்லை என்று அக்கா முடிவெடுத்தார். திங்கட்கிழமை வெறுங்கையோடு வந்தார். மூன்றாவது வகுப்பில் ஒரு பெண் இறந்தகாலத்தில் சிக்கி நின்றபோது, கொடுக்க அவரிடம் பொருத்தமான உதாரணம் இல்லை. வாயில் வந்ததைச் சொல்லிச் சமாளித்தார்.

"வெக்கமாக் கிடக்கு," என்றார் என்னிடம். பின்னேரம் மறுநாள் பாடத்தை ஆயத்தப்படுத்தப் பன்னிரண்டு மாணவர்களின் கோப்புகளையும் பையில் திணித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். பாரிஸிலிருந்து இன்னும் பதில் வரவில்லை.