பெரியம்மாவை யாரும் தொடவில்லை

கிள்ளானில் பெரியம்மா விழுந்த இடம் ஒன்றும் ஒதுக்குப்புறம் அல்ல. தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, துணிக்கடை வாசல், பட்டப்பகல். சுற்றிலும் அத்தனை ஆண்கள்.

பெரியம்மா காப்பாரில் பள்ளி வேன் ஓட்டியவர். வழிமறிக்கிற லோரிக்காரனை இறங்கிப்போய்த் திட்டிவிட்டு வருகிற ஆள். அன்று எனக்குப் பாவாடை எடுத்துக் கொடுத்துவிட்டு வெளியே வந்தவர், "நெஞ்சு என்னமோ பண்ணுது, பாப்பா" என்றார். அப்படியே சரிந்தார். கண்கள் திறந்திருந்தன, நான் உலுக்கியும் அசையவில்லை.

ஆட்கள் ஓடிவந்தார்கள். வந்த எல்லோரும் ஓர் எட்டு தள்ளியே நின்றார்கள்.

"மூச்சு இல்ல போல. நெஞ்ச அமுக்கணும் லா" என்றார் ஒருவர்.

"நீங்களே செய்ங்க, அண்ணே."

"பொம்பள லா! எங்க கை வைக்கிறது? நாளைக்கு வீடியோ போட்டு நாறடிச்சிருவானுங்க. லேடீஸ் யாரயாவது கூப்பிடுங்க."

நரைத்த மீசைக்கார அங்கிள் ஒருவர் மட்டும் கடைக்குள் ஓடி, ஒரு துப்பட்டாவை எடுத்துவந்து பெரியம்மாவைக் கழுத்துவரை மூடினார். "யாரும் பாக்காதீங்க" என்று அதட்டினார். இவர்தான் நல்லவர் என்று நினைத்துக்கொண்டேன்.

தலையில் தூடோங் முக்காடு கட்டிய மலாய்க்காரப் பெண் ஒருவர் "தெப்பி! தெப்பி!" என்று கத்தி ஆண்களை விலக்கிக்கொண்டு வந்தபோது நேரம் கடந்திருந்தது. துப்பட்டாவைப் பிடுங்கி எறிந்தார். ஆம்புலன்ஸ் வரும்வரை, மூக்கு நுனியில் வியர்வை சொட்டச் சொட்ட அமுக்கிக்கொண்டே இருந்தார். பெரியம்மா பிழைக்கவில்லை. "கொஞ்சம் முன்னாலயே ஆரம்பிச்சிருந்தா" என்று தொடங்கிய டாக்டர் அதை முடிக்கவில்லை.

அதற்குச் சில மாதங்கள் முன்புதான் பிரிக்ஃபீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடை ஒன்றில் அப்பா இதேபோல் சரிந்திருந்தார். பக்கத்து மேசைக்காரர்கள் யாரையும் கேட்கவில்லை. சட்டையைக் கிழித்து, மாறி மாறி அமுக்கினார்கள். பட்டன் தெறித்துப்போய் யாருடைய ரசத்திலோ விழுந்ததாம். அப்பா இன்றும் அதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார். சொல்வதற்கு அவர் இருக்கிறார்.

என்னைத் தன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து விட்டவரும் அந்த மீசைக்கார அங்கிள்தான். துக்கத்துக்கும் வந்திருந்தார். பெரியப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எம் பொண்டாட்டி மானத்தக் காப்பாத்துனீங்க, பாஸ்" என்று அழுதார். என்னையும் நன்றி சொல்லச் சொன்னார்கள். சொன்னேன்.

அங்கிள் என் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். அந்தக் கைக்கு அன்று கடை வாசலில் என்ன கேடு வந்தது என்று கேட்க வேண்டும் என்பதே அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.