எந்த வான்?

எண்பத்தாறில் வழுக்கையாறு எங்கள் பக்கம் வரவில்லை. மழைக்காலத்தில் மட்டும் ஓடும் ஆறு அது. மேலூர்க்காரர் தங்கள் குளத்தின் வானில் பனம்பலகைகள் அடித்து உயரம் கூட்டியிருந்தார்கள். குளம் நிரம்பி வழியும் இடம்தான் வான். அது பாய்ந்தால்தான் ஆற்றின் கீழ்முனையில் இருந்த என் அத்தானின் வயலுக்குத் தண்ணீர். மழை நின்றுவிட்டது. நெல் கதிர் தள்ளப்போகும் குடலைப் பருவம். வயலில் கணுக்கால் அளவுத் தண்ணீர் எஞ்சியிருந்தது.

அத்தானுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மணிக்கொருதரம் வறண்ட ஆற்றை எட்டிப் பார்த்துவிட்டு வருவார். சோற்றுக்கு முன்னால் இருந்தவர் பாதியில் எழுந்து போனதும் உண்டு.

நான் அப்போது ஒரு பத்திரிகையில் பிழை திருத்துபவன். அன்று விடுமுறை. சந்தியில் பக்கத்து வீட்டு மாமி மறித்தார்.

"தம்பி, வான் வருதாம். உன்ரை அத்தானிட்டைச் சொல்லு, கெதியாய்!"

எந்த வான் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் சைக்கிளை மிதித்தேன். வான் வருதாம் என்று நான் சொன்னதும் அத்தான் மண்வெட்டியை எடுத்து ஆற்றுப்பக்க வரம்பை வெட்டினார். தண்ணீர் உள்ளே வரவில்லை. வயலில் நின்ற தண்ணீர் வெற்று ஆற்றுக்குள் இறங்கியது. வெள்ளம் வந்தால் நின்றுவிடும் என்று நம்பி இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அடைத்தபோது வயலில் சேறுதான் மிச்சம்.

மாமி பட்டுச்சேலை உடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். "என்ன, மாப்பிள்ளை வீட்டுக்கு இந்தக் கோலத்திலையோ வாறியள்? எங்களை ஏத்திப்போற கலியாண வான் கோயிலடியிலை ஹோன் அடிச்சுக்கொண்டு நிக்குது!"

அத்தான் என்னைப் பார்த்தார். "உனக்குப் பேப்பரிலை சம்பளம் தாறாங்களோ?"

கலியாணத்துக்குப் போகவில்லை. மேலூருக்குப் போனோம். குளத்துக்குப் பொறுப்பான பெரியவர் அசையவில்லை.

"மழைத்தண்ணி முழுக்கக் கடலுக்குத்தானே போகுது? மறிச்சபடியால் இந்த வருசம்தான் எங்கடை கிணத்துத் தண்ணியிலை உப்பு இல்லாமல் போயிருக்கு."

"உங்களுக்குக் கிணறு, எனக்குச் சோறு," என்றார் அத்தான். "பலகை முழுக்கக் கேக்கேல்லை. ஒண்டு."

"ஒரு பகல். பொழுதுபடத் திரும்பவும் பலகையை அடிச்சுப் போடுவன்," என்றார் பெரியவர்.

பலகையைக் கழற்றியதும் தண்ணீர் புறப்பட்டது. நாங்கள் சைக்கிளை உருட்டிக்கொண்டு அதன் முன்னால் நடந்தோம். ஒவ்வொரு குழியும் குடித்துவிட்டே அதை விட்டது. அத்தான் சருகுகளை மண்வெட்டியால் வழித்து எறிந்தபடி வந்தார். நின்றால் தண்ணீரும் நின்றுவிடும் என்பதுபோல. வயலடியில் ஆற்றுக்குக் குறுக்கே ஓலையும் மண்ணும் போட்டு மறித்தோம்.

"இனி வெட்டட்டோ?" என்றேன்.

"பொறு. இந்தமுறை நான் பாக்கிறன்."

தண்ணீர் வயல் மட்டத்துக்கு மேல் இரண்டு விரல் ஏறும்வரை குந்தியிருந்து பார்த்தபிறகே வெட்டினார். பள்ளமான பாதி நனைந்தது. மேட்டுப் பாதிக்கு ஏறுவதற்குள் ஓட்டம் மெலிந்துவிட்டது; மேலே பலகையை அடித்திருப்பார்கள். அந்தப் போகம் அரை வயலில்தான் நெல் அரிவு வெட்டினோம்; மற்றப் பாதி காய்ந்துபோயிற்று.