அரேபியச் சிறுத்தை முப்பது கிலோதான்

2005இல் போலீஸ் தேர்வுக்குக் கடலூர் மைதானத்தில் நின்றபோது, கொண்டையைத் தூக்கிக் கட்டினால் உயரம் கூடும் என்று பக்கத்தில் நின்ற பெண் காதைக் கடித்தாள். மேரி ஷாலினி இருந்த கொண்டையையும் அவிழ்த்துப் படிய வாரிவிட்டுப் போய் நின்றாள். வேண்டிய உயரத்துக்கு ஒன்றரை சென்டிமீட்டர் குறைந்தது. தேர்வாகவில்லை. வீட்டில் எல்லோரும் திட்டினார்கள். அவள் மறுவருஷமே பி.எட். சேர்ந்து, நெல்லிக்குப்பம் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் டீச்சர் ஆனாள்.

2010இல் அங்கே கண்காட்சி வைத்தார்கள். புலியின் குட்டிதான் சிறுத்தை என்று ஏழாம் வகுப்பில் பாதிப்பேர் பரீட்சையில் எழுதியிருந்தது அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. பூனை இனத்து விலங்குகளை அசல் அளவிலேயே நிறுத்திக் காட்டுவதென்று முடிவு செய்தாள். சிதம்பரம் போய் நூலகத்தில் உட்கார்ந்து அளவுகளைக் குறித்து வந்தாள். அவள் சாக்பீஸால் வரைந்துகொடுத்தபடி பெயின்டர் தில்லைநாதன் பிளைவுட்டை அறுத்து வண்ணம் தீட்டினார்.

ஒரு சாண் உயரம்கூட வராத துரும்பன் பூனை முதலில் நின்றது. அடுத்து மீன்பிடிப் பூனை. அப்புறம் மூன்று சிறுத்தைகள்: முப்பது கிலோ அரேபியச் சிறுத்தை, அறுபது எழுபது கிலோ நம் நாட்டுச் சிறுத்தை, தொண்ணூறு கிலோ வரை போகும் பாரசீகச் சிறுத்தை. கடைசியில் இருநூறு கிலோ புலி.

கண்காட்சிக்கு முதல்நாள் சாயங்காலம் பார்க்க வந்த தாளாளர் தட்சிணாமூர்த்திக்கு முகம் சுண்டிவிட்டது. பள்ளியின் சின்னமே சிறுத்தை. வெளியிலிருந்து பெரிய மனுஷர்கள் வரும் இடத்தில் அது நாய் மாதிரி நின்றால் மானம் போகும், மூன்றையும் புலி அளவுக்கு ஏற்றிவிடுங்கள் என்றார். பாலைவனத்து மலையில் கிடைக்கிற இரை சின்னது, அதற்குத் தக்க உடம்பு, இனம் எல்லாம் ஒன்றுதான் என்று அவள் பொறுமையாகச் சொன்னாள்.

“யாரு டீச்சர் டேப் வெச்சி அளக்கப் போறாங்க?”

“நான் அளந்துதான் சார் வெச்சிருக்கேன். பெருசாக் காட்டணும்னா வேற ஆளப் பாருங்க.”

காலையில் வந்தால் பலகைகள் சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் கிடந்தன. அவள் யாரிடமும் கேட்கவில்லை. தில்லைநாதனை வரவழைத்து, ஆளுக்கொரு பக்கம் தூக்கி, கேட்டுக்கு வெளியே காம்பவுண்டுச் சுவரோரம் வரிசையாகச் சாத்தினாள். கரும்பு டிராக்டர்கள் நின்றன. பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். கண்காட்சிக்கு வந்தவர்களும் முதலில் அங்கேதான் கூடினார்கள்.

கரும்பு வெட்டப் போய்க்கொண்டிருந்த இருசம்மாள் அரேபியச் சிறுத்தை பக்கத்தில் நின்று, இது குட்டியா என்று கேட்டாள்.

“இல்லம்மா, முழுசா வளந்ததுதான்.”

“அப்ப இதுக்கு என்னா கொறச்சல்?” என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள்.

மத்தியானம் பியூன் விளக்கம் கேட்டு ஒரு மெமோ கொண்டுவந்தார். மேரி ஷாலினி வெயிலில் நின்றபடியே அதன் பின்பக்கம் ‘அளவுகள் அனைத்தும் சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

ஜூனில் அவளுக்கு அங்கே வேலை இல்லை. கிள்ளையில் ஒரு பள்ளியில் சேர்ந்தாள். ஆறு பலகைகளையும் மினிடோரில் முதலில் ஏற்றி அனுப்பிவிட்டு, அதற்கப்புறம்தான் பஸ் ஏறினாள்.